பாரடைஸ் டேனேஜர்

ராத்திரி மகளுக்கு வரைய ஒரு பறவைப் படம் தேடினேன். பாரடைஸ் டேனேஜர் சிக்கியது. பன்னிரண்டு கலர் கிரேயான் டப்பாவை நீட்டி, "அப்பா, இதுல அந்த நீலம் இல்ல"ன்னு உதட்டைப் பிதுக்கிட்டா.

அவளைக் குறை சொல்ல முடியாது. சிட்டுக்குருவி சைஸ்தான். தலையில் ஆப்பிள் பச்சை, மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக. தொண்டையில் கத்திரிப்பூ நிறம். வயிறு பச்சை கலந்த நீலம். முதுகு கரிக்கறுப்பு; வாலுக்குச் சற்று மேலே குங்குமச் சிவப்பு, சில இனப்பிரிவுகளில் அதுக்குக் கீழே மஞ்சளும் உண்டு. பிரேசிலில் இதன் பெயரே 'அமேசானின் ஏழு நிறம்'.

அறிவியல் பெயர்தான் சிரிப்பு: டாங்காரா சிலென்சிஸ். சிலென்சிஸ்னா 'சிலி நாட்டுக்காரன்'னு அர்த்தம். 1832ல் வைத்தது. ஆனா சிலி நாட்டில் இந்தப் பறவை கிடையவே கிடையாது! இருப்பதெல்லாம் அமேசான் படுகையின் ஈரக்காடுகளில், மர உச்சியில், மற்ற சிறு பறவைகளோடு கூட்டமாகப் பழமும் பூச்சியும் தேடிக்கிட்டு.

அந்த நீலத்துக்குச் சாயமே இல்லை. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறித்தான் நீலமாகத் தெரியுது. இந்தக் குடும்பப் பறவைகள் பற்றி 2025ல் வந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம்: நீலத்துக்கு அடியில் கறுப்பு அடுக்கு, சிவப்பு, மஞ்சளுக்கு அடியில் வெள்ளை அடுக்கு ஒளிஞ்சிருக்காம். சுவருக்கு பிரைமர் அடிக்கிற மாதிரி!

குரல்? மெல்லிசான 'ச்சீட்'. அவ்வளவுதான். அலங்காரத்தில் காட்டின அக்கறையைப் பாட்டில் காட்டலை.

மகள் கடைசியில் நீலத்துக்கு மேல் பச்சையைத் தேய்ச்சுப் பார்த்தா. சேறாயிடுச்சு.