நான் சேர்த்த ஒரு சொல்

அகதி நேர்காணல் ஒன்றில், "இனம்?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்ப்பாளர். "உங்க இனம் என்ன?" என்று நேர்காணலுக்கு வந்தவரிடம் தமிழில் கேட்டேன். "முஸ்லிம்" என்றார் அவர். அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். "அது மதம். நான் கேட்டது இனம்" என்றார் அதிகாரி. அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்போது, கேட்காமலேயே ஒரு சொல் வாயிலிருந்து வந்துவிட்டது. "அது மதம், இனம் என்னன்னு கேக்கறாங்க. தமிழா?"

அந்த "தமிழா?" அதிகாரி கேட்டதல்ல. நானாகச் சேர்த்தது.

அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தமிழ் பேசுற ஆக்கள்தான்" என்றார். நானும் 'தமிழ் பேசுகிறவர்கள்' என்றுதான் சொன்னேன், பிசகில்லாமல். அதிகாரியின் திரையில் விழுந்தது 'தமிழ்' என்ற ஒற்றைச் சொல். அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

அகதி நேர்காணல்களில் மொழிபெயர்க்கிறவர்களுக்கு விதி தெரியும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. சொல்லில் சிக்கல் இருந்தால், "மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் சொல்ல அனுமதி வேண்டும்" என்று கேட்கலாம். அந்த வழி எனக்குத் திறந்தே இருந்தது. கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். நான் கேட்கவில்லை, ஏனென்றால் அங்கே ஒரு சிக்கல் இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. நான் தமிழ்நாட்டில் வளர்ந்தவள். என்னோடு படித்த முஸ்லிம் பிள்ளைகளை இனம் என்னவென்று கேட்டால் தமிழ் என்பார்கள், மதம் என்னவென்று கேட்டால் இஸ்லாம் என்பார்கள். வீட்டில் பேசும் மொழிதான் இனம் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. நேர்காணலுக்கு வந்தவர் இலங்கையின் வடக்கைச் சேர்ந்தவர். அவர் பேசியது என்னுடையதைவிட நல்ல தமிழ்.

இலங்கையில் கணக்கே வேறு. அங்கே முஸ்லிம்களில் பெரும்பாலோருக்கு இனம் என்ற இடத்தில் 'இலங்கைச் சோனகர்' என்று எழுதுவார்கள். 2012 கணக்கெடுப்பில் சோனகர் 9.3 சதவீதம், இஸ்லாமியர் 9.7 சதவீதம். மலாய்க்காரர் போன்ற சிறு பிரிவினரைக் கழித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மக்கள். சோனகருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'மூர்' என்ற பெயரும் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. ஐபீரியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் தாங்கள் எதிர்கொண்ட முஸ்லிம்களை அழைத்த பெயரையே இங்கேயும் வைத்துவிட்டார்கள். இதில் இனம் எங்கே முடிகிறது, மதம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட முடியாது. தமிழரில் அப்படி இல்லை. இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவிய செல்வநாயகம் கிறிஸ்தவர். தமிழர் அவரைத் தந்தை செல்வா என்றார்கள். மதம் அவரைத் தமிழரிலிருந்து வெளியே தள்ளவில்லை.

இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். 1888-இல் இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர்கள் இனத்தால் தமிழர்களே, மதம் மட்டும்தான் வேறு என்று ஒரு கட்டுரை வாசித்தார். அடுத்த ஆண்டு சட்டசபையில் முஸ்லிம்களுக்கென்று தனி உறுப்பினர் வந்தார். கட்டுரை வந்த காலத்தை வைத்து, அது முஸ்லிம்களின் தனிப் பிரதிநிதித்துவத்தை மறுக்கும் முயற்சி என்றே அவர்களில் பலர் இன்றுவரை பார்க்கிறார்கள். 1907-இல் சோனகர் தரப்பிலிருந்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். ஒரு சமூகம் நூறு வருஷத்துக்கு மேல் மறுத்து வந்த வாதத்தை நான் ஒரே சொல்லில், கேள்வி போலக் கேட்டிருக்கிறேன். தமிழரசுக் கட்சியின் பழைய சொல்லாட்சி 'தமிழ் பேசும் மக்கள்'. முஸ்லிம்களையும் சேர்த்துக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னார்கள். அவர் எனக்குத் தந்த பதிலும் ஏறக்குறைய அதுதான். என் மனம் நோகாமல், தன்னையும் விட்டுக்கொடுக்காமல் சொன்ன பதில் என்று இப்போது படுகிறது. அப்போது வெறும் தயக்கம் என்று நினைத்தேன்.

அந்த ஒரு சொல் பிற்பகலில் சிக்கலானது. அவர் குடும்பம் 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள், பெரும்பாலோர் புத்தளத்துக்கு. யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அப்போது அவர் சிறுவன். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அதிகாரி நிறுத்தினார். "உங்கள் இனம் தமிழ் என்றீர்கள். தமிழர் அமைப்பு உங்களை ஏன் வெளியேற்ற வேண்டும்? மதத்துக்காகவா? நீங்கள் எத்தனை வேளை தொழுவீர்கள்?"

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனதாகவும், இப்போது அதுவும் இல்லை என்றும் சொன்னார். அப்படியானால் மதம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு அவர் சொன்னதை அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். "எங்களப் போகச் சொல்லேக்க, தொழுறீங்களோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல, தங்கச்சி."

ஆங்கிலத்தில் சொன்னபோது 'தங்கச்சி'யை விட்டுவிட்டேன். விளிச்சொற்களை எல்லாரும் விடுவதுதான், பெரிய தவறில்லை. ஆனால் யோசித்தால், அந்த வாக்கியம் அதிகாரிக்குச் சொன்னதே இல்லை. காலையில் "தமிழா?" என்று கேட்டது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் பதிவைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். 'இனம்: தமிழ்' என்ற வரியை நான்தான் வாசித்தேன். அவர் தலையாட்டினார். இது எனக்கு இருக்கும் ஒரே சமாதானம். திருத்த இடமிருந்தது, அவர் திருத்தவில்லை. ஆனால் வாசித்தவளே அந்தத் தப்பைச் செய்தவள் என்கிறபோது யாரிடம் போய்த் திருத்துவார்? அவருடைய பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு கோப்பில் இருந்தது. தந்தையின் இனம் என்ற இடத்தில் 'இலங்கைச் சோனகர்'. பக்கத்தைப் புரட்டும்போது என் கண்ணில் பட்டது. பட்டும் வாய் திறக்கவில்லை. மணி ஐந்தே கால் ஆகியிருந்தது, எல்லாரும் களைத்திருந்தோம், ஒரு சொல்தானே என்று நினைத்தேன்.

அன்றிரவு என்னை அனுப்பிய நிறுவனத்துக்கு நான்கு வரி எழுதினேன், நான் ஒரு சொல்லைச் சேர்த்தேன் என்று ஒளிக்காமல். கிடைத்தது என்று பதில் வந்தது. கோப்பில் சேர்ந்ததா, முடிவு என்ன ஆனது என்பதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். (அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை இங்கே தவிர்த்திருக்கிறேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

சில மாதங்கள் கழித்து இன்னொரு நேர்காணல். கிழக்கிலிருந்து வந்த இளம்பெண், அதே கேள்வி, அதே "முஸ்லிம்". இந்த முறை தயாராக இருந்தேன். அனுமதி கேட்டு, இலங்கையில் இது இனத்தின் பெயராகவும் வழங்கும், ஆவணங்களில் சோனகர் என்று இருக்கும் என்று விளக்கினேன். என்ன சொன்னேன் என்று அவரிடமும் சொல்ல வேண்டும் அல்லவா, சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நான் அப்படிச் சொல்லல்லயே. சோனகர் எண்டு போடாதீங்க. எனக்கு இனமெல்லாம் இல்ல, மார்க்கம் மட்டும்தான். முஸ்லிம் எண்டா அதுதான்."

முதலில் வந்த, தொழாத அவருக்கு 'முஸ்லிம்' என்பது பிறப்பிலிருந்தே உள்ள பெயர், யாரும் பறிக்க முடியாதது. ஒரு வேளையும் தவறாமல் தொழுகிற இந்தப் பெண்ணுக்கு அதைப் பிறப்போடு சேர்ப்பதே இழுக்கு. இரண்டு பேரும் சொன்னது ஒரே சொல். நான் முதலில் சேர்த்தது தப்பு, சரி. இரண்டாவது முறை விதிப்படி செய்தும் ஒருவர் வாயில் இல்லாததை அவர் மேல் ஏற்றிவிட்டேனே.

அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி என்னிடம், "அப்படியானால் நான் என்ன எழுத?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அந்தப் பெண்ணிடம் தமிழில் கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்தேன்.