ஸ்கூல் ஹர்லிங் டீமை நடத்தப் போய் நான் பட்ட பாடு

செப்டம்பர் முதல் வாரம். ஸ்டாஃப் ரூமில் டீயோடு உட்காரப் போன என்னிடம் வைஸ் பிரின்சிபால் வந்து, "இந்த வருஷம் ஹர்லிங், ஃபுட்பால் ரெண்டையும் நீங்க பார்த்துக்கிறீங்களா?" என்றார். ஹர்லிங் என்றால் மட்டையால் பந்தை அடித்து ஆடும் ஐரிஷ் ஆட்டம். ஃபுட்பால் என்றால் கையால் பிடித்து, குத்தி, உதைத்து ஆடும் கேலிக் ஃபுட்பால். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட், கொஞ்சம் கபடி. அயர்லாந்துக்கு வந்து ஒன்பது வருடத்தில் ஹர்லிங் மட்டையைக் கையில் தொட்டதுகூடக் கிடையாது. "நீங்க மேத்ஸ் வாத்தியார்தானே, ஸ்கோர் கூட்டத் தெரிஞ்சா போதும்" என்று சிரித்தார். அதென்னவோ சரிதான். ஸ்கோரில் முதல் எண் கோல், அடுத்தது பாயிண்ட். ஒரு கோலுக்கு மூன்று பாயிண்ட் என்பதால் 3-5 எடுத்தவன் 1-12 எடுத்தவனிடம் ஒரு பாயிண்ட்டில் தோற்பான். அந்தக் கணக்கு பிடித்துப்போய்த் தலையாட்டினேன். ஆட்டிய தலையை இன்னும் தடவிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். போகிற போக்கில் இரண்டு விளையாட்டுக்கும் சீனியர் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்களுடையது சின்ன ஸ்கூல். மன்ஸ்டர் மாகாணத்தின் ஹார்ட்டி கப், அல்ஸ்டர் மாகாணத்தின் மக்ரோரி கப் என்று டிவியில் பார்க்கிற உயரம் எல்லாம் இல்லை. எங்கள் மாகாணத்தில் கீழ்ப் பிரிவு ஒன்றில் ஆடுகிறவர்கள். களத்தில் இறங்க 15 பேர் வேண்டும். எங்களிடம் தேறியவர்கள் 22 பேர். அதில் பதினெட்டு பேர் இரண்டு ஆட்டத்திலும் அதே பையன்கள். எல்லா வம்பும் பிறகு இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வந்தது.

முதல் அடி கார்டா வெட்டிங்கில் விழுந்தது. ஆசிரியர்களுக்கு டீச்சிங் கவுன்சில் வழியாக இந்தப் போலீஸ் சரிபார்ப்பு ஏற்கெனவே முடிந்திருக்கும். ஆனால் ஹர்லிங் சொல்லிக்கொடுக்க வர ஒப்புக்கொண்டவர் ஆசிரியர் இல்லை, பால் மாடு வைத்திருக்கும் உள்ளூர்ப் பெரியவர். பையன்களில் பாதிப் பேரின் அப்பாக்களுக்கே மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். கிளப்பில் வெட்டிங் முடித்திருந்தார், ஸ்கூலுக்கு அது செல்லாது, ஸ்கூல் வழியாகப் புதிதாக எடுக்க வேண்டும் என்றார்கள். முடிவு வரும் முன் பையன்களோடு மைதானத்தில் நிற்கவே கூடாது, 2016 முதல் சட்டமே அப்படி. படிவத்தில் பிறந்ததிலிருந்து குடியிருந்த எல்லா விலாசமும் கேட்பார்கள். மனுஷர் இளவயதில் கட்டட வேலைக்கு லண்டன் போனவர், அங்கே எட்டு அறை மாறியிருக்கிறார். "ஒரு பப்புக்கு மேல இருந்தேன், பப் பேரு நினைவிருக்கு, தெரு பேரு நினைவில்ல" என்றார். படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. ஆறு வாரம் போயிற்று. அதுவரை நான்தான் விசிலோடு மைதானத்தில் நின்றேன். பயிற்சி கொடுத்தது நானா, எனக்குப் பையன்கள் கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள்.

வெளி ஆளைக் கூப்பிடுவதாக இருந்தால் கோடை விடுமுறைக்கு முன்பே படிவத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். பழைய விலாசங்களை அவர் மனைவியிடம் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும்.

அடுத்தது பெயர்ப் பட்டியல். இதை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

ஆட்டத்துக்கு முன் ரெஃப்ரீயிடம் கொடுக்கும் டீம் ஷீட்டில் பெயர்கள் ஐரிஷ் மொழியில் இருக்க வேண்டும். மர்ஃபி அங்கே ஓ முரஹூ ஆகிவிடுவார், வால்ஷ் ப்ரானஹ் ஆகிவிடுவார். ஊர்க்காரப் பையன்களுக்குப் பிரச்சினையே இல்லை, எங்கள் ஐரிஷ் டீச்சர் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். போலந்துப் பையன் ஒருவன், நைஜீரியப் பெற்றோரின் பையன் ஒருவன், அப்புறம் நம்ம தமிழ்ப் பையன் ஒருவன் இருந்தார்கள். அவனைக் கவின் என்றே வைத்துக்கொள்வோம். இந்த மூன்று பெயரையும் அப்படியே விட்டுவிடலாம் என்றார் டீச்சர். சரி என்று கையால் எழுதிய தாளை டைப் செய்யச் சொல்லி டிரான்சிஷன் இயர் (நான்காம் ஆண்டு) மாணவன் ஒருவனிடம் கொடுத்தேன்.

கெட்டிக்காரப் பையன். ஆங்கிலத்தில் எழுதியிருந்த 'கவின்' என்ற பெயரைப் பார்த்ததும், 'கெவின்' என்பதைத்தான் சார் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்திருக்கிறான். கெவினுக்கு ஐரிஷ் வடிவம் 'கீவீன்'. அதைப் போட்டுவிட்டான். பின்னால் கேட்டபோது, "ஐரிஷ்ல கே, வி எழுத்தே கிடையாதே சார்" என்றான். உண்மைதான், பழைய ஐரிஷ் நெடுங்கணக்கில் 18 எழுத்துதான், அந்த இரண்டும் அதில் இல்லை. அவனைத் திட்டவும் முடியவில்லை.

நான் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். ஆட்டத்தில் ஒரே பாயிண்ட்டில் ஜெயித்தோம். பஸ்ஸில் ஒரே பாட்டும் கூத்தும். மறுநாள் காலை மெயில் திறந்தால், எதிரணி ஆட்சேபம் கொடுத்திருக்கிறது: 14-ஆம் எண் சட்டை போட்டு ஆடியவர் பெயர் வருடத் தொடக்கத்தில் நாங்கள் பதிவு செய்த பட்டியலில் இல்லை, தகுதியில்லாத ஆளை இறக்கியிருக்கிறீர்கள் என்று. நிரூபிக்காவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு.

நிரூபிக்கலாம் என்று போனால் கிணறு வெட்டப் பூதம். நம்ம ஊர் இனிஷியல் வழக்கம் தெரியும்தானே? பாஸ்போர்ட்டில் கவின் முன்னால், அப்பா பெயர் பின்னால். ஸ்கூல் பதிவேட்டில் யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அப்பா பெயரே பையன் பெயராக இருக்கிறது. டீம் ஷீட்டில் கீவீன். ஒரே பையனுக்கு மூன்று தாளில் மூன்று பெயர். ஆட்சேபத்தைப் படிக்கிறவர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். கவினின் அப்பா ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடி வந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. "பேரு வெச்சதுல ஏதும் தப்பாயிடுச்சா சார்?" என்றார். என்ன சொல்ல?

போட்டிகளைக் கவனிக்கும் செயலாளரைப் பிடிப்பது தனிக் கதை. அவரும் வேறொரு ஸ்கூலில் வாத்தியார்தான், சம்பளமில்லாமல் செய்கிறார், குறை சொல்லக் கூடாது. ஆனால் காலை 11 மணி இடைவேளையில் பத்து நிமிடம்தான் போனை எடுப்பார். எனக்கு அந்த நேரத்தில் வராந்தா டியூட்டி. சாண்ட்விச் உறைகளைப் பொறுக்கச் சொல்லிக்கொண்டே போனில் பாஸ்போர்ட் எண்ணை வாசித்தேன். பிரின்சிபால் கடிதம், பாஸ்போர்ட் நகல், பதிவேட்டு நகல் எல்லாம் போயிற்று. பன்னிரண்டாம் நாள் ஒரு வரி மெயில்: ஆட்ட முடிவில் மாற்றமில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் கேசரி.

கவின் என்றால் நமக்கு அழகு. கீவீன் என்ற பெயரின் முதல் பாதிக்கும் அழகு, மென்மை என்றுதான் அர்த்தமாம், ஐரிஷ் டீச்சர் சொன்னார். டைப் செய்த பையன் தன்னை அறியாமல் மொழிபெயர்த்திருக்கிறான்! இதையும் விளக்கக் கடிதத்தில் சேர்க்கலாமா என்று யோசித்து, வேலியில் போகிற ஓணானை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஒரே எக்செல் ஷீட் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பதிவேட்டுப் பெயர், டீம் ஷீட் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒரே வரிசையில். பட்டியல் எங்கே கேட்டாலும் அதிலிருந்துதான் போகும். டீம் ஷீட்டை ரெஃப்ரீ கையில் கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். இங்கே பிள்ளைகளை விளையாட விடுகிற நம்மவர்கள் முதல் வேலையாக ஸ்கூல் பதிவேட்டில் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

ஜனவரியில் ஒரு வெளியூர் ஆட்டம். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். முந்தின இரவு பனி உறைந்திருந்தது. காலை எட்டு மணிக்கு அந்த ஸ்கூல் வாத்தியாரைக் கூப்பிட்டால், "வெயில் அடிக்குது, ஒண்ணும் பிரச்சினையில்ல" என்று ஜன்னல் வழியாக ஒரு படமும் அனுப்பினார். நம்பிக் கிளம்பினோம். பதினொன்றரைக்கு ரெஃப்ரீ வந்தார். மைதானத்தின் ஒரு முனையில் வரிசையாக மரங்கள். ஜனவரிச் சூரியன் மரத்துக்கு மேலே ஏறவே இல்லை. கோல் முன்னால் நின்று ரெஃப்ரீ பூட்ஸ் குதிகாலால் தரையைத் தட்டினார். சிமெண்டில் தட்டுவது மாதிரி சத்தம் கேட்டது. அவ்வளவுதான். போன மச்சான் திரும்பி வந்தான். பஸ்ஸுக்கு நானூறு யூரோவுக்கு மேல் போனது போனதுதான். நான்கு வகுப்புகளுக்கு மாற்று ஆசிரியர் போட்ட வைஸ் பிரின்சிபாலின் முகத்தை மறுநாள் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இனிமேல் ஜன்னல் படம் எல்லாம் வேண்டாம். நிழல் விழுகிற கோல் பக்கம் போய் நின்று காலால் மிதித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். பஸ்காரரிடமும் எத்தனை மணிக்குள் சொன்னால் பணம் பிடிக்க மாட்டார் என்று முதலிலேயே பேசிவிடுகிறேன்.

அந்தத் தள்ளிப்போன ஆட்டம்தான் அடுத்த தலைவலி. புதுத் தேதி வியாழக்கிழமை என்று வந்தது. அதே வாரம் செவ்வாய் ஃபுட்பால் காலிறுதி. நடுவில் புதன்கிழமை லீவிங் செர்ட் (பள்ளி இறுதித் தேர்வு) மாக் எக்ஸாம். அதே பதினெட்டுப் பையன்கள். ஃபுட்பாலை நான்கு நாள் தள்ள முடியுமா என்று எதிர் ஸ்கூலைக் கேட்டேன். முடியாது, வராவிட்டால் வாக்ஓவர் என்றார்கள். விதிப்படி அவர்கள் பக்கம் தப்பில்லை. ஆனால் போன மாதம் அவர்கள் கேட்டபோது நாங்கள் தள்ளிக் கொடுத்திருந்தோம், அதுதான் எரிகிறது. ஃபுட்பாலை விட்டுவிடலாம் என்றேன். பையன்கள் கேட்கவில்லை. செவ்வாய் மழையில் ஆடிப் பன்னிரண்டு பாயிண்ட்டில் தோற்றார்கள், வியாழன் மூன்று பேர் நொண்டிக்கொண்டே ஹர்லிங் ஜெயித்தார்கள். பெண்கள் அணியைப் பார்க்கிற டீச்சரிடம் புலம்பினால் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பெண்கள் ஆடும் ஹர்லிங்கான கமோகிக்கு ஒரு சங்கம், பெண்கள் ஃபுட்பாலுக்கு வேறு சங்கம், இரண்டும் ஆண்கள் ஆட்டங்களை நடத்தும் ஜி.ஏ.ஏ. சங்கத்திலிருந்து தனி. தேதி மோதினால் இரண்டு ஆபீஸுக்கு நடுவில் அவர் நிற்க வேண்டும். மூன்று சங்கமும் 2027-க்குள் ஒன்றாக வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. எனக்கு ஒரு செயலாளரே போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூட்டையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், முதலில் வெந்நீர் ஃபிளாஸ்க். ஃபுட்பாலுக்கு மவுத்கார்டு இல்லாமல் பையன்களை இறக்க முடியாது, 2013 முதல் கட்டாயம். ஆட்டத்துக்கு ஒருவனாவது அதை வீட்டில் வைத்துவிட்டு வருவான். வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்துப் பொருத்துகிற மலிவான ரகத்தில் நான்கு வாங்கிப் பையில் போட்டிருந்தேன். முதல் ஆட்டத்தில் மவுத்கார்டு இருந்தது, வெந்நீர் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கெட்டில் கேட்டேன். ஹர்லிங்குக்கு ஃபேஸ்கார்டு வைத்த ஹெல்மெட் 2010 முதல் எல்லோருக்கும் கட்டாயம். பார்வை மறைக்கிறது என்று ஒரு பையன் கம்பி ஒன்றை வெட்டி எடுத்திருந்தான். ரெஃப்ரீ கண்ணில் பட்டதும் வெளியே அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரி. மட்டையும் ஆறேழு உபரி வேண்டும். இந்த நாட்டில் மட்டை செய்கிற ஆஷ் மரங்களை 2012 முதல் ஒரு பூஞ்சை தின்றுகொண்டிருக்கிறது, நல்ல மட்டை விலை கையைக் கடிக்கிறது. பையன்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டு மெதுவாக அடிப்பதில்லை.

அரையிறுதியில் இரண்டு பாயிண்ட்டில் தோற்றோம். பொது மைதானம், எதிர் ஸ்கூலுக்குப் பக்கத்தில். கோல் அம்பயர்களுக்கு வெள்ளைக் கோட்டும் கொடியும் அவர்கள் கொண்டுவருவதாகப் பேச்சு. ஒரு முனைக்குத்தான் கொண்டு வந்தார்கள். மறுமுனைக்கு எங்களுடையதைக் கொடுத்தோம், கோலுக்குப் பச்சை, பாயிண்ட்டுக்கு வெள்ளை. ஆட்டம் முடிந்து எல்லோரும் அழுதுகொண்டும் கைகொடுத்துக்கொண்டும் நின்ற நேரத்தில் பச்சையை மட்டும் யாரோ பையில் திணித்தார்கள். வெள்ளைக் கொடி அவர்களிடமே இருக்கிறது. மூன்று மெயில் போட்டாயிற்று. கடைசியாக வந்த பதில், தேடிப் பார்க்கிறோம் என்று.