வராளி சொல்லித்தந்த றேடியோ

தியாகராஜரின்ர நினைவு நாளான தியாகராஜ ஆராதனை அண்டைக்கு எங்கட வீட்டில விடியக்காலமை தொடக்கம் இரவு படுக்கும்வரைக்கும் றேடியோ நிப்பாட்டவே இல்லை. மருமகளுக்கு வட இலங்கை சங்கீத சபைச் சோதினை வருது, அவளின்ர சங்கீத ரீச்சர் "பஞ்சரத்தினம் ஐஞ்சையும் இருந்து கேள், கேக்கேக்க கொப்பியில எழுது" எண்டு சொல்லி விட்டிருக்கிறா (தியாகராஜர் செய்த ஐஞ்சு பெரிய கீர்த்தனையள்தான் பஞ்சரத்தினம்), அதோட சேர்ந்து நானும் வேலைக்கு லீவு போட்டிட்டு இருந்திட்டன்.

காரைக்கால் எப்.எம். 100.3 யாழ்ப்பாணத்தில சில நாள் கொழும்பு ஸ்ரேசனை விட வடிவா இழுக்கும், சில நாள் ஒரே இரைச்சல். அண்டைக்கு இரைச்சல்தான், அதால போனில ஆகாசவாணி எண்ட இந்திய வானொலியின்ர அப்பில திருச்சி நிலையத்தைப் போட்டு ஸ்பீக்கரில குடுத்தன். தொடக்கத்தில அந்தப் பழைய ஆகாசவாணி முகப்பு இசை போகேக்க அம்மா குசினிக்குள்ள இருந்து "ஆ, வந்திட்டுது" எண்டா. அந்த மெட்டை 1930களில அமைச்சவர் வால்டர் கவுஃப்மன் எண்ட ஒரு யூதர், நாசியளின்ர காலத்தில ஐரோப்பாவை விட்டு பம்பாய்க்கு வந்தவர், சிவரஞ்சனி ராகத்தை வைச்சுச் செய்தவர் எண்டு மருமகளுக்குச் சொன்னன், அவள் உடன கொப்பியில சிவரஞ்சனி எண்டு எழுதிப்போட்டாள்.

எங்கட ஆக்களுக்குத் திருச்சி ஏன் இவ்வளவு கிட்ட எண்டு இப்பத்தைப் பிள்ளையளுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில இருந்து நேர்கோட்டில பார்த்தா கொழும்பு கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர், திருச்சி 190 தான் வரும், இடையில பாதி தூரம் கடல், மத்திய அலை உப்புத்தண்ணிக்கு மேலால வரேக்க அவ்வளவு தேயாது, ராத்திரியில வானத்தில உயர இருக்கிற அயனி மண்டலம் எண்ட மின்னேறின காத்துப் படையில பட்டுத் திரும்பியும் வரும். திருச்சி நிலையம் 1939ல தொடங்கினது. ஐயாவின்ர றேடியோ செற்றில திருச்சி வாற 936க்குப் பக்கத்தில முள்ளு நிக்கிற இடத்தை அவர் பேனையால கீறி வைச்சிருந்தவர். செற்றுக்குள்ள இருக்கிற கறுப்புத் தண்டுதான் ஏரியல் எண்டதால செற்றையே மெல்ல மெல்லத் திருப்பித்தான் இழுக்க வைக்கிறது, திருப்பி வைச்ச பிறகு ஆரும் தொடக்கூடாது, மேசையைத் துடைக்கிறதெண்டாலும் சுத்திவரத்தான் துடைக்க வேணும்.

ஒன்பது மணிபோல தியாகராஜரின்ர சமாதி இருக்கிற திருவையாத்தில இருந்து நேரடி ஒலிபரப்பு. நாதஸ்வரம் முடிஞ்சு, புல்லாங்குழல்காரர் எல்லாரும் சேர்ந்து வாசிச்சு, பிறகு பஞ்சரத்தினம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ எண்டு ஐஞ்சு ராகம், ஐஞ்சும் ஆதி தாளம். காவேரிக் கரையில இருந்து நூற்றுக்கணக்கான ஆக்கள் ஒண்டாப் பாடினம், ஒருத்தர் முந்துவார் இன்னொருத்தர் பிந்துவார், ஆனா அந்தப் பெரிய சத்தத்துக்குள்ள கண்ணை மூடிக்கொண்டு கேட்டா கௌளையின்ர ரிஷபம் எண்ட "ரி" சுரம் கீழ இறங்கி ஆடுறது அப்பிடியே கேக்கும். மருமகள் "பொம்பிளையளும் பாடினமோ மாமா?" எண்டு கேட்டாள். அதுக்குப் பெங்களூர் நாகரத்தினம்மாவின்ர கதையைச் சொல்ல வேண்டி வந்தது, 1847ல சமாதியான தியாகராஜருக்கு அந்த இடத்தில தன்ர சொத்தை வித்துக் கோயில் கட்டி, பெண்களுக்கும் அங்க பாட இடம் வேணும் எண்டு விடாப்பிடியா நிண்ட மனுசி. பாட்டுக்கு நடுவில இதையெல்லாம் கதைச்சதுக்கு அம்மா எங்கள் ரெண்டு பேரையும் பேசினவா.

வராளி வந்தது. இந்த ராகத்தைக் குரு நேராச் சிஷ்யனுக்குச் சொல்லிக் குடுத்தா ரெண்டு பேருக்கும் இடையில உறவு முறிஞ்சுபோகும் எண்டு சங்கீதக்காரரிட்ட ஒரு பழைய நம்பிக்கை இருக்கு, அதால வராளிப் பஞ்சரத்தினத்தைக் கேட்டுத்தான் படிக்க வேணும் எண்டு சொல்லுவினம். மருமகளின்ர ரீச்சரும் மற்ற நாலையும் தான் சொல்லிக்குடுத்தவா, இதை மட்டும் "றேடியோவில கேள்" எண்டு விட்டிட்டா. நம்பிக்கை சரியோ பிழையோ எண்டு நான் சண்டைக்குப் போகேல்லை, எனக்கு அதில பிடிச்ச விசயம் வேற. ஒரு பிள்ளை வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்து ஒரு ராகத்தைப் படிக்கலாம் எண்டு எங்கட ஆக்கள் ஒத்துக்கொண்டிருக்கினம். யாழ்ப்பாணத்தில அரைவாசிப் பேர் அப்பிடித்தான் சங்கீதம் படிச்சது. அம்மா ஒரு வகுப்புக்கும் போகேல்லை, ஆனா மீன் வெட்டிக்கொண்டே "இது கேதாரகௌளை" எண்டு சொல்லுவா. எப்பிடி? ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் அறிவிப்பாளர் நிதானமா ராகம், தாளம், இயற்றினவர் எண்டு மூண்டையும் சொல்லுவார், அதை முப்பது நாப்பது வருசம் கேட்டா ஆருக்கும் வரும். அந்த ஒரு வரி அறிவிப்புத்தான் எங்கட வீட்டுக்கு வந்த சங்கீதப் பள்ளிக்கூடம் எண்டு நான் உறுதியாச் சொல்லுவன்.

1990க்குப் பிறகு யுத்தத்தால கரண்ட் இல்லாமல், பற்றறியும் வரவிடாமல் தடை செய்து வைச்சிருந்த காலத்திலயும் அது நிக்கேல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சில்லில அழுத்தி, டயோட் போட்டு வயரை றேடியோவில குடுத்திட்டு, அண்ணா பெடலைக் கையால சுத்துவார். செய்தி முடியத்தான் பாட்டு. இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசைக்கு ஒழுங்கை ஆக்கள் எல்லாம் வந்திடுவினம் (அந்தத் தமிழோசை எண்ட பேரை வைச்சவரே எங்கட ஊர்ப்பக்கத்து சோ. சிவபாதசுந்தரம்தான்), செய்தி முடிஞ்சு சனம் எழும்பிப் போன பிறகு ஐயா "இன்னும் கொஞ்சம் சுத்து தம்பி" எண்டுவார், திருச்சியில இரவுக் கச்சேரி போகும். அண்ணா களைச்சு வேகம் குறைய ஆலாபனையும் சேர்ந்து மங்கும், திருப்பிச் சுத்த மேல வரும். அதுக்குள்ளயும் ஐயா ராகம் சொன்னவர்.

மத்தியானம் சாப்பிட்டிட்டு மாமியும் வந்து சேர்ந்தா. அவவுக்கு இலங்கை வானொலிக் கல்விச் சேவைதான் ஞாபகம், பள்ளிக்கூட மண்டபத்தில ஒரு பெரிய றேடியோவை மேசையில வைச்சு பிள்ளையளை நிலத்தில வரிசையா இருத்தி, கேட்டு முடிய ரீச்சர் கேள்வி கேப்பாவாம். கொழும்பில ஒலிபரப்பு தொடங்கினது 1925 டிசம்பர் 16, இப்ப நூறு வருசம் தாண்டியாச்சு. பின்னேரம் விவசாய நிகழ்ச்சி போகேக்க நான் ரேடியோ நெல்லைப் பற்றிச் சொன்னன். 1960களில ஆடுதுறை 27 எண்ட நெல்லினத்தைத் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லித்தான் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கமக்காரர் போட்டவை, அதால அதுக்கு ரேடியோ நெல் எண்டே பேர் வந்திட்டுது. மாமிக்கு அது சரியான புதினம். நெல்லுக்குச் செய்ததையேதான் ராகத்துக்கும் செய்திருக்கினம், ஒரே விசயத்தை ஒரே நேரத்துக்கு, பேர் சொல்லி, திருப்பித் திருப்பி.

இரவு நான் வைச்சிருக்கிற பழைய கசெற் ஒண்டு போட்டன், யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின்ர தவில், றேடியோவில இருந்து பதிஞ்சது. 1975ல அவர் போகேக்க வயசு 41 தான். இந்த மண்ணில இருந்து போன அந்தக் கையை இந்தியப் பெரிய வித்துவான்மாரே தேடிக் கூப்பிட்டவை. இங்க மருதனாமடம் இராமநாதன் இசைக் கல்லூரியில இந்தியப் பாடகர் மகாராஜபுரம் சந்தானம் அதிபரா இருந்திருக்கிறார். இவ்வளவும் நடந்த ஊரில இப்ப எத்தினை எப்.எம். இருக்கு, ஒரு அரை மணித்தியாலம் கர்நாடக சங்கீதம் போட்டா என்ன குறைஞ்சுபோகும் எண்டு எனக்கு விளங்கேல்லை. போடுற ஒண்டிரண்டு பேரும் ராகம் சொல்லுறேல்லை, பாட்டு முடிய உடன விளம்பரம்.

இதை வாசிக்கிற ஆக்களிட்ட ஒண்டு கேக்கிறன். வீட்டில றேடியோவில இருந்து பதிஞ்ச கசெற் கிடந்தா கம்ப்யூட்டருக்கு மாத்துங்கோ, கெதியா மாத்துங்கோ, நாடாவில பூஞ்சணம் பிடிச்சா பிறகு ஒண்டும் செய்யேலாது. மாத்தி யூரியூப்பில போடேக்க பாட்டை மட்டும் வைச்சுக்கொண்டு அறிவிப்பாளரின்ர குரலை வெட்டிப்போடாதேங்கோ, கன பேர் அதைத்தான் செய்யினம். ராகம், தாளம், இயற்றினவர் சொல்லுற அந்தப் பத்து செக்கனும் முழுசா இருக்கட்டும்.