ஒரே சிறை, இரண்டு தூதரகங்கள்

என் தம்பியும் அத்தை மகனும் வளைகுடாவில் கூட்டாகக் கடை நடத்தினார்கள். காசோலை வழக்கில் இருவரும் ஒன்றாகக் கைதானபோது கோத்தகிரியில் இருந்தபடி அலைந்தது நான்தான்.

முதலில் ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதாத்’ இணையதளத்தில் புகார் பதிந்தேன். 2015இல் தொடங்கிய அந்தத் தளத்தில் பதிந்தால் புகார் நேராக அந்நாட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போகிறது.

வந்த பதில், ‘அந்தப் பெயரில் கைதி இல்லை’. அம்மா சாப்பாட்டையே விட்டுவிட்டார். பாஸ்போர்ட் நகலை எடுத்துப் பார்த்தேன். நமக்கு இனிஷியல் ஒரு எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக இருந்தது. சிறைப் பதிவேட்டிலும் அப்பா பெயரில்தான் தேட வேண்டும். அப்படி எழுதியதும் ஆள் கிடைத்தான்.

தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவுப்படி, கைதானவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். அதை அவர்தான் கேட்க வேண்டும். கடையில் வேலை பார்த்த பையன் மூலம் இருவருக்கும் இதைச் சொல்லி அனுப்பினோம். தூதரக அதிகாரி தம்பியைப் போய்ப் பார்த்தார், வக்கீல் பட்டியல் தந்தார். கடனை அடைப்பது எங்கள் பாடு.

“உன் தம்பிக்குப் பேசினவங்க இவனுக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாதா, கண்ணு?” என்று அத்தை அழுதார். அத்தான் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியவர், கையில் ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை. அதை இரட்டைக் குடியுரிமை என்றே வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த நாளிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. ஓசிஐ, விசா இல்லாமல் இந்தியாவுக்கு வந்து தங்கத்தான். எனவே அவருக்காகப் பிரிட்டிஷ் தூதரகத்துக்குத் தனியாக எழுதினோம்.

உண்மையான இரட்டைக் குடியுரிமைக்காரர்கள் பாடு இன்னும் கொடுமை. பிரிட்டிஷ்-ஈரானியரான நாசனின் சகாரி-ராட்கிளிஃப் 2016இல் ஈரானில் கைதானார். ஈரான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அவரைத் தன் குடிமகளாகவே நடத்தியது. 2019இல் பிரிட்டன் அவருக்கு ராஜதந்திரப் பாதுகாப்பு அறிவித்து, அவர் வழக்கை இரு நாட்டுப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டும், ஈரானுக்குத் தர வேண்டிய சுமார் 40 கோடி பவுண்டு பழைய கடன் தீர்ந்த 2022 மார்ச்சில்தான் வீடு திரும்பினார். அத்தானை ‘எங்கள் ஆள்’ என்று சொல்ல அவரைச் சிறை வைத்த வளைகுடா நாட்டுக்கு வழியில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தேயிலைத் தோட்டத்தில் பாதியை விற்றுக் கடனை அடைத்தோம். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்ததால் தம்பி தூதரகம் கொடுத்த அவுட்பாஸில், அதாவது ஊர் திரும்ப மட்டும் தரும் அவசரப் பயணச் சீட்டில், வந்து சேர்ந்தான். அத்தான் வழக்கில் ஒரு காசோலை பாக்கி இருக்கிறது. அடுத்த விசாரணைக்குள் அதையும் கட்டிவிடுவோம்.