வேலியைப் பிரிக்கிறார்கள்
சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பாயிண்ட் ரேயஸ் கடலோரத் தேசியப் பூங்கா. அங்கே மூடுபனிக்குள்ளிருந்து டூலி எல்க் கடாமான் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். விசிலடித்த மாதிரி நீளமான குரல், உடம்பு சிலிர்த்துவிடும். கலிஃபோர்னியாவுக்கே உரிய மான் அது. 1978-இல் பத்து மான்களைக் கொண்டுவந்து டொமாலஸ் முனையில் விட்டார்கள். அப்புறம் பூங்காவுக்குள்ளேயே இருந்த பண்ணை மாடுகளின் மேய்ச்சல் நிலத்துக்குள் அவை வந்துவிடக் கூடாதென்று குறுக்கே ஆளுயரத்துக்கும் மேல் வேலி. 2012–14 வறட்சியில் அந்த வேலிக்குள்ளேயே 250-க்கும் அதிகமான மான்கள் குறைந்துபோயின. நினைத்தாலே வயிறு எரிகிறது. பூங்கா என்றால் முதல் உரிமை யாருக்கு?

2024 டிசம்பரில் வேலியைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். 2025 ஜனவரியில் 12 பண்ணைகள் வெளியேறச் சம்மதித்தன. அங்கே கூலி வேலை பார்த்த குடும்பங்களுக்கும் ஒரு வீடு கிடைக்க வேண்டும். அதையும் சேர்த்தேதான் கேட்கிறேன்.