மாத்திரைப் பையும் பனங்கற்கண்டும்

சின்ன ஊரில் பல் கிளினிக் போட்டு உட்கார்ந்த புதிதில், சொத்தை என்றாலே எனக்குக் குழந்தைகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். சாக்லேட், ராத்திரிப் பால்புட்டி, அழுகை. வயதானவர்கள் பல்செட்டுக்கு அளவு கொடுக்கத்தான் வருவார்கள் என்று ஒரு நினைப்பு.

அதைக் கலைத்தவர் 72 வயதுப் பாட்டி ஒருவர். கீழ்வரிசையில் நான்கு பற்களில் ஈறு ஓரமாகப் பழுப்பாய் அரித்திருந்தது. மெல்லும் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. "வலியே இல்ல டாக்டரம்மா, மருமகதான் இழுத்துட்டு வந்தா" என்றார். அடைத்து அனுப்பினேன். எட்டு மாதத்தில் திரும்பி வந்தார். அடைத்த இடங்களைச் சுற்றியே புது அரிப்பு, மேல்வரிசையில் இன்னும் மூன்று. என் கைவேலை மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். வாய்க்குள் விட்ட சின்னக் கண்ணாடி கன்னத்தின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. சாதாரணமாக வழுக்கிக்கொண்டு போகும். வாயில் எச்சிலே இல்லை. முதல் தடவையும் ஒட்டித்தான் இருக்கும். நான் பல்லை மட்டும் பார்த்திருக்கிறேன்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் மஞ்சப்பையை மேஜையில் கவிழ்த்தார். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. அக்கி வந்துபோன இடத்தில் எரிச்சல் நிற்காததால் ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின். நல்ல மாத்திரைதான், அந்த எரிச்சலோடு யாராலும் தூங்க முடியாது. ஆனால் எச்சிலை வற்ற வைத்துவிடும். தினமும் இரண்டு மணிக்குத் தொண்டை காய்ந்து முழிப்பு வருமாம். பையின் அடியிலிருந்து ஒரு சின்ன டப்பா உருண்டு வந்தது.

"பனங்கற்கண்டும்மா. ஒண்ணு வாயில ஒதுக்கிக்கிட்டா அப்படியே தூங்கிடுவேன். அது உடம்புக்கு நல்லதுதானே? காபிக்குக்கூட நான் சர்க்கரை போட்டுக்கிறதில்ல."

பல்லில் குடியிருக்கும் கிருமிக்குப் பனை, கரும்பு என்ற பேதமெல்லாம் கிடையாது. எந்தச் சர்க்கரை கிடைத்தாலும் அமிலமாக்கும். பல்லின் மேல்பகுதிக்கு எனாமல் கவசம் உண்டு; அது கரைய வாயின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 வாக்கில் இறங்க வேண்டும். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேருக்கு அந்தக் கவசம் இல்லை. 6.5 பக்கம் வந்தாலே கரையத் தொடங்கிவிடும். அமிலத்தைக் கழுவி விடுவது எச்சில். தூக்கத்தில் யாருக்குமே அது குறைவு, பாட்டிக்கோ பகலிலேயே இல்லை. வலிக்காததற்கும் காரணம் உண்டு. வயதாக ஆகப் பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறை சுருங்கிக்கொண்டே போகும். பல் ஒடிந்து சோற்றோடு வரும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

மாத்திரையை நானாக நிறுத்தச் சொல்ல முடியாது. அவருடைய டாக்டருக்குச் சீட்டு எழுதினேன், அளவைக் குறைத்தார். கற்கண்டுக்குப் பதில் தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பு, படுக்கும்முன் ஃபுளோரைடு பேஸ்ட். பின்பற்களில் சொத்தையை நிறுத்தும் சில்வர் டையமைன் ஃபுளோரைடு மருந்தைத் தடவினேன். சொத்தை மேலே பரவாமல் நின்றது, கன்னங்கரேலென்று. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கண்மையைப் பல்லுல இட்டுட்டீங்களே" என்று சிரித்தார்.

எல்லாருக்கும் மாத்திரைதான் காரணம் என்றில்லை. பக்கவாதம் வந்த ஒருவரின் கன்னத்தில், சாயங்காலம் ஐந்து மணிக்கு, காலையில் சாப்பிட்ட இட்லி அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி இல்லை. மனைவி தினமும் பல் விளக்கிவிடுகிறார், ஆனால் முன்பற்களை மட்டும். கழற்றி மாட்டும் பல்செட்டின் கம்பி உரசும் பல்லும் இப்படித்தான் போகும். செங்கல் பொடியில் தேய்த்துத் தேய்த்து ஈறோரம் பள்ளமானவர்களும் வருகிறார்கள். வயதானால் பல் போகத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லாரும் சொல்வதுதான் எனக்கு ஆகாது. அப்படிச் சொல்லிச் சொல்லியே கூட்டி வராமல் விட்டுவிடுகிறார்கள்.

இப்போதெல்லாம் நாற்காலியில் சாய்க்கும் முன்பே பையைக் காட்டச் சொல்லிவிடுவேன். போன வாரம் ஒரு பெரியவர் மாத்திரை அட்டைகளை வரிசையாக அடுக்கினார். கடைசியாக ஒரு இஞ்சி மரப்பா பாக்கெட் வந்தது. "இது பஸ்ஸுல வித்துட்டு வந்தாம்மா, சும்மா" என்று சொல்லிக்கொண்டே அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பாக்கெட்டில் பாதிக்கு மேல் காலி.