ஆனி ஆடியில் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம்: ஈரம் தாங்கும் ஹாஸ்டல் அறை

செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் பக்கத்திலிருந்து கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் முதல் தடவையாக ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு வீடுகளில் ஒரே மாதிரிதான் மூட்டை கட்டுகிறோம். கனத்த போர்வை, டர்க்கி டவல் இரண்டு, ஜீன்ஸ் நாலு, இலவம்பஞ்சு மெத்தை, ஒரு டின் முறுக்கு. ஓணம் லீவுக்குப் பிள்ளை திரும்பும்போது டவலில் கரும்புள்ளி, பெல்ட்டில் வெள்ளைப் பூசணம், கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண். முறுக்கோ ரெண்டாம் நாளே நமத்துப்போயிருக்கும்.

கேரளத்தில் கல்லூரி சேர்வது பெரும்பாலும் ஜூன், ஜூலையில். அங்கே நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியதே 2024 ஜூலை 1-ஆம் தேதிதான். அதாவது இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை நடுவே. அந்த மழையில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கசிந்து வருவதைத்தான் நாம் சாரல் என்று கொண்டாடுகிறோம். மலைக்கு அந்தப்புறம் அது முழு மழை, நாள்கணக்கில் வெயில் தலைகாட்டாது. அதனால் அறைக்கு என்ன வாங்குவது என்று யோசிக்கும்போது, இது நனைந்தால் எத்தனை நாளில் காயும் என்பதை முதலில் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மெத்தையை ஊரில் வாங்காதீர்கள். ஹாஸ்டல் கட்டில் எல்லாம் ஒரே அளவு இல்லை. நீளம் 6 அடி இருந்தாலும் அகலம் சில இடத்தில் இரண்டரை அடி, சில இடத்தில் 3 அடி. சட்டம் வைத்த கட்டிலில் வெளி அளவு வேறு, உள் அளவு வேறு. 3 அடி மெத்தையை இரண்டரை அடிக் கட்டிலில் போட்டால் ஓரம் சுவரில் ஏறி நிற்கும், சுவர் ஈரத்தை அப்படியே உறிஞ்சும். வார்டனிடமோ சீனியர் பிள்ளையிடமோ உள் அளவை அங்குலத்தில் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் அறைக்குப் போய் டேப் வைத்து அளந்துவிட்டு அங்கேயே கடைக்குப் போங்கள். ஹாஸ்டல் அளவு மெத்தை கல்லூரி உள்ள ஊர்க் கடைகளில் கிடைக்கும். இலவம்பஞ்சு வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டால் வெயிலில் போட்டு உதறாமல் விடாது, அந்த வெயில் அங்கே அந்த மாசம் கிடையாது. ரப்பர் கலந்த தேங்காய்நார் மெத்தை, 4 அங்குலக் கனம், ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கிற உறை: இது போதும். நாருக்கு நடுவே காற்று ஓடும். மெத்தைக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அது வேண்டவே வேண்டாம். உடம்பு வேர்வை மெத்தை வழியாகக் கீழே இறங்கிப் பிளாஸ்டிக்கில் தங்கும், ஒரு மாசத்தில் அடிப்பக்கம் கறுத்துவிடும். பிளைவுட் பலகைக் கட்டில் என்றால் வாரம் ஒரு தடவை மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி ஒரு மணி நேரம் ஃபேன் போட வேண்டும்.

தலையணை, இரண்டு பெட்ஷீட், மெல்லிய போர்வை ஒன்று, பூட்டு, எவர்சில்வர் தட்டு டம்ளர், ஈரிழைத் துண்டு, சாரம் (கைலி) இவற்றை ஊரிலிருந்து கொண்டுபோகலாம். வாளி, கப், வாரியல் (துடைப்பம்), மெத்தை இவற்றை அங்கே வாங்குங்கள். ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்புக்கு 35 கிலோ வரை சுமை இலவசம். எடை அதற்குள் இருந்தாலும், சுருட்டிய மெத்தையோடு பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறி இறங்குவது பெரிய பாடு.

துண்டு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். டர்க்கி டவல் தடிமனானது, அறைக்குள் ஃபேன் காற்றில் இரண்டு நாளானாலும் மடிப்போரம் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில்தான் கரும்புள்ளி விழுகிறது. நம் ஈரிழைத் துண்டு, அங்கே தோர்த்து என்பார்கள், ராத்திரி பிழிந்து போட்டால் காலையில் காய்ந்திருக்கும். மலையாளிகள் தலைமுறை தலைமுறையாக அதையே வைத்திருப்பது காரணத்தோடுதான். நாலு துண்டு கொடுத்துவிடுங்கள். மூன்று உடம்புக்கு, ஒன்று துணி பிழிய. துவைத்த சட்டையைக் காய்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, இரு முனையையும் எதிரெதிராக முறுக்கினால் கையால் பிழிந்தபின் மிஞ்சிய தண்ணீரில் நல்ல பங்கு துண்டுக்குப் போய்விடும். காயும் நேரம் நன்றாகக் குறையும்.

துணி காயப்போடுவதில் பிள்ளைகள் செய்கிற பெரிய தப்பு, ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துத் துணியை மொத்தமாகத் துவைப்பது. கையால் பிழிந்த ஒரு ஜீன்ஸில் அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். பத்து உருப்படி அறைக்குள் தொங்கினால் அத்தனை தண்ணீரும் அறைக் காற்றில்தான் கலக்கும். பிறகு அது அலமாரிக்குள் போய் இஸ்திரி போட்ட சட்டையில் உட்காரும். தினமும் இரண்டு உருப்படி துவைப்பதுதான் வழி. அதற்கு ஏற்ற மாதிரி ஏழு செட் மெல்லிய துணி, பத்து உள்ளாடை, ஜீன்ஸ் ஒன்றே ஒன்று. கொடிக்கு 5 மீட்டர் நைலான் கயிறு, இரண்டு முனையிலும் எஸ் கொக்கி, 24 கிளிப், ஆறு ஹேங்கர். ஆணி அடிக்க விட மாட்டார்கள், ஒட்டுகிற கொக்கி ஈரச் சுவரில் மறுநாளே விழும். ஜன்னல் கம்பிக்கும் கட்டில் கம்பிக்கும் இடையே, ஃபேனுக்கு நேர் கீழே வராமல் ஓரடி தள்ளிக் கட்டினால் காற்றும் படும், தண்ணீரும் படுக்கையில் சொட்டாது.

சேர்க்கிற அன்று காலையிலேயே போய்விடுங்கள். கட்டில் தேர்வு முதலில் வருகிறவருக்குத்தான். மேலே அண்ணாந்து பாருங்கள்: மேல்தளத்தில் பழுப்பு வளையம் இருந்தால் அங்கே ஒழுகியிருக்கிறது. பிறகு சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று ஒட்டினாலோ, பெயின்ட் கொப்புளித்துப் பொடியாக உதிர்ந்தாலோ அந்தச் சுவர் வேண்டாம். தென்மேற்கைப் பார்த்த ஜன்னலோரம் காற்றுக்கு நல்லது என்று தோன்றும், மழை அடிப்பதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். கட்டிலின் மூலைகளிலும் பலகை சேரும் இடுக்கிலும் ஃபோன் டார்ச் அடித்துப் பார்க்க மறக்க வேண்டாம். மிளகுப் பொடி தூவினாற்போல் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி. இரும்புக் கட்டில் என்றால் இடுக்குகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றலாம், பலகை என்றால் வார்டனிடம் சொல்லி மாற்றக் கேளுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, முந்தின பிள்ளை விட்டுப்போன மெத்தை சும்மா கிடைத்தாலும் வாங்க வேண்டாம். உடைந்த தாழ்ப்பாள், சுற்றாத ஃபேன், விரிந்த கண்ணாடி எது இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் ஃபோட்டோ எடுத்து அலுவலகத்தில் காட்டிவிடுங்கள். காலி செய்யும்போது டெபாசிட்டில் பிடிப்பது இதற்குத்தான்.

சாமான் இறக்கிய உடனே மெத்தை விரிக்கக் கூடாது. கூட்டி, துடைத்து, ஃபேன் போட்டு ஒரு மணி நேரம் தரை காயட்டும். சுவரிலோ அலமாரியிலோ பூசணம் இருந்தால் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், தூள் அறை முழுக்கப் பறக்கும். வினிகர் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, துணியைக் குப்பையில் போடுங்கள். பிளீச்சிங் கரைசலும் வேலை செய்யும். ஆனால் அதை வினிகரோடோ கழிப்பறை ஆசிடோடோ சேர்த்துவிடக் கூடாது, விஷப் புகை வரும். அலமாரியை நகர்த்த முடிந்தால் வெளிச்சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். கீழ்த்தட்டில் புத்தகம் வேண்டாம், காலிப் பை, பக்கெட் பொருட்கள் போகட்டும். அலமாரியை அடைத்துத் திணிக்காமல் கால்வாசி காலியாக விட்டு, தினமும் கொஞ்ச நேரம் கதவைத் திறந்து ஃபேன் காற்று படும்படி செய்ய வேண்டும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு ஒன்றும் செய்யாது. ஈரம் உறிஞ்ச கால்சியம் குளோரைடு டப்பா ஒன்று வைத்தால் அடியில் தண்ணீர் சேர்வது கண்ணுக்கே தெரியும். அதைச் சாய்த்துவிட்டால் துணி பாழ், எனவே மூலையில் நிமிர்த்தி வையுங்கள். தோல் செருப்பு, தோல் பெல்ட், தோல் பை மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும்.

பூட்டு வாங்கும்போது வளையத்தின் கனம் பார்க்க வேண்டும். அலமாரிக் கொண்டியின் துளை சிறியது, பெரிய பூட்டின் வளையம் நுழையாமல் கடைக்குத் திரும்பி ஓடுவார்கள். நடுத்தரமாக ஒன்று, சிறிதாக ஒன்று, இரண்டும் பித்தளை. இரும்புப் பூட்டு மழையில் துருப்பிடித்து இறுகிவிடும். மாற்றுச் சாவி வீட்டுக்கு வந்துவிட வேண்டும், பிள்ளையின் அதே பையில் அல்ல.

மின்சாரத்தில் கவனம் தேவை. அறையில் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் பிளக். 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், பிளக் சூடாகிக் கருகும். ஹாஸ்டல்கள் கெட்டிலையும் வாட்டர் ஹீட்டர் ராடையும் தடை செய்திருப்பது இதனால்தான், மறைத்துக் கொண்டுபோகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்று முள், தனித்தனி ஸ்விட்ச், ஃபியூஸ், 4 மீட்டர் வயர் உள்ளதாக வாங்குங்கள். லேப்டாப், ஃபோன், மேஜை விளக்கு இவற்றுக்குப் போதும். சார்ஜ் ஏற்றி வைக்கிற விளக்காக இருந்தால் கரண்ட் போனாலும் உதவும். ஐப்பசி மழை துவங்கினால் அங்கே மதியத்துக்கு மேல் இடி மின்னல் கடுமை. மின்னும்போது லேப்டாப்பைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடச் சொல்லுங்கள், ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது.

குடை இரண்டு கொடுங்கள். மூன்று மடிப்புக் குடை பைக்குள் வைக்க, ஒற்றைக் கம்பிக் குடை காற்றோடு வரும் மழைக்கு. காலுக்கு ரப்பர் செருப்பு. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு, அதிலும் புண்ணோடு, இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அங்கே மழைக்காலத்தில் வருகிற நோய். மழை நாளில் காய்ச்சலோடு உடம்புவலி வந்தால் மாத்திரை போட்டுப் படுத்துவிடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சைப் பவுடர் ஒன்று இருக்கட்டும். கடையில் கேட்காமலே எடுத்துத் தருகிற, பல மருந்து கலந்த களிம்பு வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு உடனே அடங்கும், படை பரவும். கொசுவலை ஒற்றைக் கட்டிலுக்கு, மடக்கிப் பிரிக்கிற கூடார வகை நல்லது.

சாப்பாட்டில் வீட்டார் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. மட்டை எனும் கேரளச் சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு பழக ஒரு வாரம் ஆகும். மெஸ்ஸில் குடிக்கிற வெந்நீர் இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் குடிக்காமல் தாகத்தோடு இருப்பதுண்டு. அது பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், தாராளமாகக் குடிக்கலாம். பருப்புப்பொடி, இட்லிப்பொடி கொடுப்பதானால் ஒரே பெரிய டப்பா வேண்டாம், 200 கிராம் அளவில் இறுக மூடுகிற சின்ன டப்பாக்களாகப் பிரித்து, ஒன்று தீர்ந்தபின் அடுத்ததைத் திறக்கச் சொல்லுங்கள். ஈரக் கரண்டி பட்டால் நாலு நாளில் கட்டிதட்டும். ஊறுகாயின் மேல் விரற்கடை எண்ணெய் நிற்க வேண்டும். தின்பண்டம் எவர்சில்வர் டின்னில்தான். பிளாஸ்டிக் கவரை எலி குடையும்.

சான்றிதழ்களை ஜிப் உறையில் தனியாகப் போடுங்கள், ஒரிஜினலை லேமினேட் செய்ய வேண்டாம். டிசி, மதிப்பெண் பட்டியல், நன்னடத்தைச் சான்று, ஆதார் தவிர, நம் போர்டிலிருந்து போகிறவர்களுக்கு எலிஜிபிலிட்டி, மைக்ரேஷன் சான்றிதழ்கள் தேவையா என்று முன்கூட்டியே கல்லூரியில் கேளுங்கள். பாஸ்போர்ட் ஃபோட்டோ பத்து, ஸ்டாம்ப் சைஸ் நாலு. ராகிங் தடுப்பு உறுதிமொழி பிள்ளையும் பெற்றோரும் தனித்தனியாகத் தர வேண்டும், 2009-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி அது. ராகிங் புகாருக்கு உதவி எண் 1800-180-5522, பிள்ளையின் ஃபோனில் பதிந்து கொடுங்கள்.

செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர் என்பதால் நம் வீடுகளில் மலையாளம் காதில் விழுந்தே இருக்கும். ஆனாலும் முறி என்றால் அறை, தாக்கோல் என்றால் சாவி, புதப்பு என்றால் போர்வை, வெள்ளம் என்றால் தண்ணீர் என்று நாலு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பஸ் பலகை பெரும்பாலும் மலையாள எழுத்தில் இருக்கும், கல்லூரி ஊரின் பெயரை அந்த எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் முதல் வாரம் தட்டுத்தடுமாற வேண்டாம்.

ஓணத்துக்கு அறையைப் பூட்டிவிட்டு வரும்போதுதான் மிச்சச் சேதம் நடக்கிறது. பத்து நாள் ஃபேன் கிடையாது, ஜன்னல் சாத்தியிருக்கும். முந்தின நாளே துவைப்பதை நிறுத்திவிட்டு, ஈரத் துணி எதுவும் கொடியில் இல்லாமல் பார்க்க வேண்டும். வாளியைக் கவிழ்த்து, கொசுவலையைச் சுருட்டி, மெத்தையைச் சுவரில் படாமல் கட்டிலின் மேலேயே விளிம்பில் நிறுத்தி, விலையுயர்ந்தது எதுவும் உள்ளே இல்லாத அலமாரி என்றால் கதவை ஒரு விரல் திறந்தே விட்டு வரச் சொல்லுங்கள். தலையணை உறையும் பெட்ஷீட்டும் வீட்டுக்கு வரட்டும், ஆவணி வெயிலில் ஒரு நாள் காய்ந்து போகட்டும்.